நோவா எந்த மரத்தை வெட்டினாரு? – வாசகர் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி மரச்சாமான் பத்தின ஒரு பதில்ல போற போக்குல "கொப்பேர் மரம்"னு ஒரு வார்த்தையை எழுதிட்டேன், பைபிள்ல வெள்ளத்துல தப்பிக்க நோவா பேழைங்கற பெட்டி மாதிரி கப்பலைச் செஞ்ச மரம் அது, அதுக்கு வந்த கடிதம் இன்னும் நிக்கல. அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே ஒதுக்கிட்டேன், வருமான வரி கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

சார், ஆதியாகமம் 6:14-ல "நீ கொப்பேர் மரத்தால் உனக்கு ஒரு பேழையை உண்டாக்கு"ன்னு இருக்கு. சின்ன வயசுல இருந்து வாசிக்கிறேன், கொப்பேர்னா நம்ம ஊர்ல என்ன மரம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒருத்தர் கேதுருங்கறார், ஒருத்தர் தேக்குங்கறார், யாரு சொல்றது சரி? – பாளையங்கோட்டை வாசகர்

ஐயா, நீங்க மட்டும் இல்ல, ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேல எல்லாரும் இந்த ஒரு வார்த்தையில தான் முட்டிக்கிட்டு நிக்கறாங்க. எபிரெயத்துல அது "கோஃபெர்". மொத்த எபிரெய வேதத்துலயும் இந்த வார்த்தை ஒரே ஒரு இடத்துல, நீங்க சொன்ன அந்த வசனத்துல மட்டும் தான் வருது. ஒரு வார்த்தை பத்து இடத்துல வந்தா, இங்க வீடு கட்டினாங்க, அங்க எரிச்சாங்க, இந்த மலையில வளருதுன்னு சேர்த்து வச்சு இன்ன மரம்னு பிடிச்சிடலாம், ஒரே இடத்துல வந்தா பக்கத்துல இருக்கற வார்த்தையைத் தவிர பிடிக்க கொம்பே இல்ல.

முதல்ல கிரேக்கத்துல மொழிபெயர்த்தவங்க, எகிப்துல அலெக்சாந்திரியாவுல, கி.மு. 3-ம் நூற்றாண்டுல, அவங்களே எபிரெயம் தெரிஞ்ச யூதருங்க தான், அவங்க "சதுரமா அறுத்த மரம்"னு போட்டுட்டாங்க. மரத்தோட பேரைச் சொல்லல, மரத்தை எப்படி அறுக்கணும்னு சொன்னதா எடுத்துக்கிட்டாங்க. கி.பி. 400-ஐ ஒட்டி லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் "இழைச்ச மரம்"னு எழுதினாரு, அதாவது தச்சர் இழைப்புளி போட்டு வழவழப்பா ஆக்கின மரம். அரமேயத்துல ஓங்கெலோஸ் பேர்ல இருக்கற மொழிபெயர்ப்பு கேதுரு, அதாவது சீடர் மரம்னு சொல்லுது, யூதருங்களோட பழைய சட்ட விளக்க நூலான தல்மூத்லயும் கேதுரு வகையில ஒன்னுன்னு தான் பேச்சு. ராஷிங்கற பெரிய யூத உரைகாரர் வேற ஒரு வழியில போனாரு, எபிரெயத்துல கந்தகத்துக்கு "கோஃப்ரீத்", ரெண்டுக்கும் ஒலி ஒன்னா இருக்கு, அழிவுக்கு உண்டான கந்தகத்தை ஞாபகப்படுத்த தான் இந்த மரம்னு ரபிமார், அதாவது யூத வேத ஆசிரியருங்க, சொன்னதை எடுத்து எழுதினாரு. 1611-ல வந்த இங்கிலீஷ் கிங் ஜேம்ஸ் பைபிள் எதுக்கு வம்புன்னு கோஃபெரை அப்படியே விட்டுடுச்சு, இப்ப வர்ற சில இங்கிலீஷ் பைபிள்ல சைப்ரஸ் மரம்னு இருக்கும்.

இப்ப நம்ம தமிழ் பைபிளுக்கு வாங்க, இதுல எனக்கு உண்மையிலயே பெருமை உண்டு. நம்ம மொழிபெயர்ப்பாளருங்க மரம் செடி பேருக்கு பயந்தவங்க இல்ல. சகேயு ஏறின மரத்தை "காட்டத்தி"ன்னு போட்டாங்க, படிக்கிற கிராமத்து ஆளுக்கு உடனே கண்ணு முன்னாடி வந்துடும். எலியா போய் உக்காந்தது "சூரைச்செடி"க்கு கீழ. யோனாவுக்கு நிழல் குடுத்த செடியை இங்கிலீஷ்காரங்க சுரைக்கொடின்னு எழுதி வச்சிருந்தப்ப நம்மாளுங்க "ஆமணக்கு"ன்னு எழுதினாங்க, எபிரெயச் சொல்லை ஆராய்ஞ்சவங்க நிறைய பேரு சொல்றதும் ஆமணக்கு தான். இவ்வளவு தைரியமா நம்ம ஊரு பேரைப் போட்டவங்க நோவா கிட்ட வந்ததும் தேக்குன்னோ வேங்கைன்னோ எழுதல, "கொப்பேர்"னு விட்டுட்டாங்க. தேக்குன்னு எழுதியிருந்தா இன்னைக்கு தமிழ்நாடு முழுக்க நோவா தேக்குல பேழை செஞ்சாருன்னு தான் எல்லாரும் பிரசங்கம் பண்ணிட்டு இருப்போம். தெரிஞ்ச இடத்துல பேரு போட்டு, தெரியாத இடத்துல கையை வைக்காம விட்டாங்களே, அதை நான் ரொம்ப மதிக்கிறேன்.

அதனால உங்க கேள்விக்கு நேர் பதில்: இன்ன மரம்னு அடிச்சு சொல்ல முடியாது. ஒன்னை மட்டும் சொல்லுன்னு கட்டாயப்படுத்தினா சைப்ரஸ்ம்பேன், ஏன்னு அடுத்த கேள்வியில வருது. தேக்குக்கு அந்த வசனத்துல ஒரு ஆதாரமும் கிடையாது, அதை விட்டுடுங்க.

அண்ணா, சைப்ரஸ்னு சொல்றவங்க எதை வச்சு சொல்றாங்க? பேரு கொஞ்சம் ஒத்துப்போகுதுன்னா? – நாகர்கோவில் வாசகி

பேரும் ஒரு காரணம் தான்மா. கிரேக்கத்துல சைப்ரஸுக்கு "குபாரிஸ்ஸோஸ்", அதுல இருக்கற கு-ப-ர, கோஃபெர்ல இருக்கற மூணு மெய்யெழுத்து, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்து 17-ம் நூற்றாண்டுல சாமுவேல் போஷார்ங்கற பிரெஞ்சு அறிஞர் இதை விரிவா எழுதினாரு. ஒலி ஒத்துமையை மட்டும் நம்பினா எந்த மரத்தையும் எந்த பேர்லயும் கட்டிடலாம், அதனால எனக்கு அது போதாது. என்னை அசைச்சது ரெண்டாவது காரணம். அலெக்சாண்டர் கடைசி வருஷத்துல பாபிலோன்ல இருந்தப்ப கப்பல் படை கட்ட உத்தரவு போடறாரு, அந்த ஊர்ல கப்பலுக்கு ஆகற மரம் கிடைக்கல, தோப்புல இருந்த சைப்ரஸை வெட்டி தான் கட்டினாங்கன்னு அரியன், ஸ்ட்ராபோங்கற பழைய கிரேக்க எழுத்தாளருங்க ரெண்டு பேரும் எழுதி வச்சிருக்காங்க. அந்த மண்ணுல தாராளமா கிடைச்ச மரம் இது ஒன்னு தான்னு அரியன் சொல்றாரு. வெள்ளக்கதை பொறந்த மண்ணே அது தானே.

மறுபக்கமும் சொல்லணும். சிரியா, பெனிக்கே பக்கம் கேதுருவுல தான் கப்பல் கட்டுவாங்கன்னு செடி மரம் பத்தி எழுதின பழைய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்காரு. துருக்கி கடலுக்கு அடியில உலுபுருன்ல கிடைச்ச கி.மு. 1300-ஐ ஒட்டின கப்பல் கேதுரு பலகை தான், எகிப்துல கூஃபு பிரமிடுக்கு பக்கத்துல 1954-ல தோண்டி எடுத்த 43 மீட்டர் படகும் லெபனான் கேதுரு. கேதுரு அவ்வளவு பேர் போன கப்பல் மரம். ஆனா எபிரெயத்துல கேதுருவுக்குன்னு "எரேஸ்"னு தெளிவான பேரு இருக்கு, சாலொமோன் ஆலயம் கட்டற இடத்துல திரும்பத் திரும்ப வருது. நோவா வெட்டினதும் கேதுருவா இருந்தா அந்தப் பேரையே எழுதியிருக்கலாமே, எதுக்கு யாருக்கும் புரியாத ஒரு பேரு? கேதுரு கட்சிக்காரங்க இதுக்கு எனக்கு திருப்தியா ஒரு பதில் சொல்லல.

சைப்ரஸ் பாத்ததில்லன்னா ஊட்டி கொடைக்கானல் போறப்ப பாருங்க, வேற இனம் தான், ஆனா சொந்தக்கார மரம், வெள்ளைக்காரன் காலத்துல கொண்டு வந்து நட்டது. கீழ விழுந்து கிடக்கற காயை எடுத்துப் பாத்தா குட்டி ஃபுட்பால் மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், இலை ஊசி மாதிரி இல்லாம மீன் செதில் அடுக்கி பின்னல் போட்ட மாதிரி இருக்கும், கையில நசுக்கினா அந்த பிசின் வாசனை சோப்பு போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் போகாது. அந்த வாசனையைக் குடுக்கற எண்ணெயும் பிசினும் தான் மரத்தை பூச்சி அரிக்காம, சீக்கிரம் அழுகாம காப்பாத்துது. தண்ணியில கிடக்கற சாமானுக்கு வேற என்ன வேணும்.

பாபிலோன் கதையிலயும் இதே மாதிரி வெள்ளம் வருதாமே, அதுல மரம் பேரு இருந்தா இதைக் கண்டுபிடிச்சிடலாம் இல்லையா? – திருச்சி வாசகர்

ரொம்ப சரியான கேள்வி, என்னைக் கேட்டா மரத்தை விட்டுட்டு எல்லாரும் இங்க தான் பாக்கணும்.

1872-ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித்ங்கறவரு, இப்ப ஈராக்ல இருக்கற நினிவேயில கிடைச்ச களிமண் பலகையைப் படிச்சுட்டு இருந்தப்ப, பாபிலோன்காரங்களோட கில்காமேஷ் காவியத்துல 11-வது பலகையில வெள்ளம், படகு, புறா எல்லாம் இருக்கறதைப் பாத்தாரு. அதுல தெய்வம் மனுஷனை நேரா கூப்பிடாம "நாணல் குடிசையே, சுவரே, கேளு, வீட்டை இடி, படகைக் கட்டு"ன்னு சுவருக்கு சொல்ற மாதிரி சொல்லுது. அப்புறம் வேலைக்கு ஆளுங்க வர்றாங்க, தச்சன் கோடாலியோட வர்றான், நாணல் வேலைக்காரன் கல்லோட வர்றான், கீல், அதாவது தார் மாதிரி கறுப்பா ஒட்டற பொருள், கொண்டு வந்து சூளையில ஊத்தறாங்க, அளவு ஆயிரக்கணக்குல போகுது. அந்த கீலுக்கு பாபிலோன்ல பேசின அக்காடிய மொழியில பேரு "குப்ரு".

இப்ப ஆதியாகமத்துக்கு திரும்புங்க. அதே 14-ம் வசனத்தோட கடைசியில "உள்ளும் புறம்பும் கீல்பூசு"ன்னு இருக்கே, அந்த கீலுக்கு எபிரெயத்துல "கோஃபெர்"னு தான் பேரு, மரத்து பேருக்கு "க" தங்கம்ல வர்ற மாதிரி மெல்லிசா வரும், கீலோட பேருக்கு கண்ணுல வர்ற மாதிரி அழுத்தி வரும், அவ்வளவு தான் வித்தியாசம். கீலுக்கு அந்தப் பேரு இந்த ஒரு இடத்துல தான் வருது, குழந்தை மோசேயை ஆத்துல விட்ட நாணற்பெட்டிக்கு பூசின பிசினுக்கும் கீலுக்கும் வேற ரெண்டு சொல்லு. நோவா கதையில மட்டும் பாபிலோன் குப்ருவோட சொந்தக்கார வார்த்தை வந்து உக்காந்திருக்கு. மரத்தோட பேரும் கீலோட பேரும் ஒரே வசனத்துல எதிரொலி மாதிரி நிக்கறதைப் பாத்துட்டு, கோஃபெர் மரம்னா ஒரு சாதி மரமே இல்ல, பிசின் உள்ள மரம், இல்லன்னா கீல் பூசின மரம்னு அர்த்தம்னு சில அறிஞருங்க சொல்றாங்க. சைப்ரஸும் பிசின் மரம் தாங்கறதால எனக்கு ரெண்டுக்கும் சண்டை இருக்கற மாதிரி தெரியல.

இன்னொன்னு, "பேழை"ங்கறதுக்கு எபிரெயத்துல "தேவா"ன்னு வார்த்தை, அது மொத்த வேதத்துலயும் ரெண்டே கதையில தான், ஒன்னு நோவா, இன்னொன்னு குழந்தை மோசே. மோசேயோடது நாணல். அப்புறம் "அறைகளை உண்டுபண்ணி"ன்னு நாம படிக்கிற இடத்துல உயிரெழுத்தை கொஞ்சம் மாத்தி வாசிச்சா "நாணல்"னு வரும், அப்படி வாசிக்கணும்னு சொல்ற அறிஞருங்களும் உண்டு. அப்ப மரம், நாணல், கீல், மூணும் ஒரே வசனத்துல வரிசையா நிக்கும், பாபிலோன் கதையில தச்சன், நாணல் வேலைக்காரன், கீல் வர்ற மாதிரியே.

2014-ல பிரிட்டிஷ் மியூசியத்து இர்விங் ஃபின்கெல் இன்னொரு பலகையை வெளியிட்டாரு, செல்ஃபோன் அளவு தான் இருக்கும், 60 வரி, வயசு கிட்டத்தட்ட 3700 வருஷத்துக்கு மேல. அதுல சொல்ற படகு வட்டம்! தென்னங்கயிறு மாதிரி பேரீச்சை நார்ல திரிச்ச கயித்தை சுத்திச் சுத்தி பெரிய கூடையா கட்டி, உள்ளயும் வெளியயும் ஒரு விரல் கனத்துக்கு கீல் பூசச் சொல்லுது. தரை 3600 சதுர மீட்டர், கயிறு மட்டும் 527 கிலோமீட்டர் வரும்னு கணக்கு போட்டாங்க. அதைச் சின்ன அளவுல கட்டிப் பாக்க அவங்க வந்தது எங்கன்னு நினைக்கிறீங்க, நம்ம பக்கத்துல கேரளாவுக்கு. படகு மிதந்துச்சு, ஆனா நல்ல கீல் கிடைக்காததால தண்ணி கசிஞ்சு பம்பு வச்சு இறைக்க வேண்டியதாப் போச்சு.

இதை படிச்சப்ப எனக்கு ஒகேனக்கல் தான் ஞாபகம் வந்துச்சு. பரிசல் துறையில வெயில்ல கவுத்துப் போட்டிருப்பாங்க பாருங்க, மூங்கில் பத்தையை குறுக்கும் நெடுக்குமா பின்னி, மேல ஷீட்டைப் போர்த்தி, அந்தக் காலத்துல தோலு, அதுக்கு மேல தாரைக் காய்ச்சி ஒரு பெரியவர் தேங்காய் நார் கட்டின குச்சியால தேய்ச்சிட்டு இருந்தாரு. என்ன மூங்கில்னு கேட்டேன். "மூங்கிலு எதுவா இருந்தா என்ன தம்பி, தாரு ஒழுங்கா ஒட்டலன்னா பாதி ஆத்துல முழுகிடுவோம்"னாரு. யூப்ரடீஸ்ல இதே மாதிரி வட்டப் படகு இருந்ததை பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்காரு, சரக்கோட ஒரு கழுதையையும் ஏத்திட்டு பாபிலோன் வந்து, சரக்கை வித்துட்டு கட்டையையும் வித்துட்டு, தோலை மட்டும் கழுதை மேல போட்டுக்கிட்டு நடந்தே ஊருக்குத் திரும்புவாங்களாம், ஆத்து வேகத்துக்கு எதிர்ல அந்தப் படகு போகாது. கீலுக்கு அந்த ஆத்துக்கரையில "ஹீத்"னு ஒரு ஊரே இருக்கு, தரையில இருந்து தானா கசிஞ்சு ஊறும்.

ஆக திருச்சி நண்பரே, பாபிலோன் கதை மரம் பேரைக் காட்டிக் குடுக்கல, ஆனா அந்த வசனத்துல எதைப் பிடிச்சுக்கணும்னு காட்டுது. கீலை.

300 முழம் நீளத்துக்கு எந்த மரம் தாங்கும்? – தூத்துக்குடி, தோணி வேலை பாக்கறவர்

உங்களுக்கு நான் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதை, இருந்தாலும் கேட்டதால சொல்றேன். 300 முழம்னா 135 மீட்டர் பக்கம். 1909-ல அமெரிக்காவுல கட்டின "வயோமிங்" கப்பல் மரத்துல கட்டினதுலயே பெருசுல ஒன்னு, உடம்பு மட்டும் 100 மீட்டர். அலையில நீளவாக்குல வளைஞ்சு நெளிஞ்சு பலகைக்கு நடுவுல சந்து விட்டுக்கிட்டே இருந்துச்சு, ஓயாம பம்பு ஓடும், 1924-ல புயல்ல ஆளுங்களோட போயிடுச்சு. மரம் எதுவா இருந்தாலும் சந்து விடறது நிக்காது, பஞ்சையும் கயித்தையும் திணிச்சு குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி அடைக்கறீங்களே, அந்த வேலை தான் கப்பலைக் காப்பாத்துது. விசுவாசத்தோட படிக்கறவங்க தெய்வம் காத்துச்சுன்னு சொல்லட்டும், அதுல எனக்கு மறுப்பு இல்ல, நான் மரத்தைப் பத்தி மட்டும் சொன்னேன்.

குர்ஆன்ல மரம் பேரு இருக்கா அண்ணே? அப்படியே நம்ம மச்சாவதாரக் கதையிலயும் சொல்லுங்க. – காயல்பட்டினம், கும்பகோணம், ரெண்டு கடிதம்

குர்ஆன் 54-வது அத்தியாயத்துல நூஹ் நபி கப்பலை "பலகைகளும் ஆணிகளும் கொண்டது"ன்னு சொல்லுது, மரத்தோட சாதி இல்ல. ஆணின்னு படிக்கற சொல்லுக்கு பலகையைச் சேர்த்துக் கட்டற கயிறுன்னும் அர்த்தம் சொல்ற உரைகாரங்க இருக்காங்க, அரபிக்கடல்ல கயித்தால தைச்ச கப்பல் ஓடினதை நினைச்சா அதுவும் பொருத்தம் தான்.

மச்சாவதாரத்துல சதபத பிராமணம், மகாபாரதம், பாகவதம் மூணுலயும் படகு வருது, மரம் பேரு ஒன்னுலயும் முக்கியம் இல்ல. மகாபாரதத்துல கயித்தோட உறுதியான படகு கட்டச் சொல்லுது மீன், பாகவதத்துல படகு தானாவே வருது, வாசுகி பாம்பு தான் கயிறு. நமக்கு உரிமையான சேதி ஒன்னு உண்டு, பாகவதத்துல அந்த ராஜா சத்யவிரதன் திராவிட தேசத்து அதிபதி, அவர் கையில மீன் வந்து விழுந்தது கிருதமாலா ஆத்துல, அதை வைகைன்னு மதுரைக்காரங்க சொல்வாங்க.

கோஃபெர் தமிழ் வார்த்தைன்னு ஒரு வீடியோ பாத்தேன், உண்மையா? – சேலம் வாசகர்

இல்லைங்க. தமிழ் மேல எனக்கும் உங்களுக்கு இருக்கற அளவு பாசம் இருக்கு, அதனால தான் சொல்றேன், ஆதாரம் இல்லாததைச் சேர்த்தா உள்ள ஆதாரத்துக்கும் மரியாதை போயிடும். சாலொமோனுக்கு கப்பல்ல வந்த மயிலுக்கு எபிரெயத்துல "துக்கி", அது நம்ம "தோகை"யில இருந்து போனதுன்னு கால்டுவெல் 1856-லயே எழுதினாரு. ஒலியும் சேருது, மயிலும் நம்ம பக்கத்துப் பறவை, கப்பல்ல வந்ததாவும் எழுதியிருக்கு. மறுக்கறவங்க இருந்தாலும் அது நின்னு பேசற வாதம். கோஃபெருக்கு இதுல ஒன்னு கூட கிடையாது.

அரராத் மலையில பேழை கட்டை கிடைச்சு டெஸ்ட் பண்ணிட்டாங்களாமே? – வேலூர் வாசகர்

1955-ல ஃபெர்னான் நவாராங்கற பிரெஞ்சுக்காரர் அரராத் பனிக்குள்ள இருந்து கட்டை ஒன்னு கொண்டு வந்தாரு. நிறத்தையும் கனத்தையும் பாத்து 5000 வருஷம்னு முதல்ல சொன்னாங்க, அப்புறம் கார்பன் முறையில பாத்தப்ப கிறிஸ்துவுக்கு பல நூறு வருஷத்துக்குப் பிந்தின மரம்னு வந்துடுச்சு. அதோட அது ஓக், நம்ம பைபிள்ல கர்வாலின்னு சொல்ற மரம். பேழையோட சம்பந்தம் இல்ல.

இதே மாதிரி அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல ஆத்தோரம் வளர்ற டொரேயாங்கற மரத்தை அந்த ஊர்க்காரங்க கோஃபெர் மரம்னே கூப்பிடறாங்க, ஏதேன் தோட்டம் அங்க தான் இருந்துச்சுன்னு காலவேங்கற வக்கீல் ஒருத்தர் பிரசாரமே பண்ணினாரு. அந்த மரம் நோவாவோடதோ இல்லையோ, பூஞ்சை நோய் தாக்கி இப்ப அழியற நிலையில நிக்குது. அதைத் தான் உடனே காப்பாத்தணும்.

ஆன்லைன்ல "நிஜ கொப்பேர் மரம்"னு போட்டு ஒரு சிலுவை 1800 ரூபாய்க்கு வாங்கினேன், எங்க வீட்டுக்கார் ஏமாந்துட்டேங்கறார். எப்படி செக் பண்றது? – மார்த்தாண்டம் வாசகி

வீட்டுக்கார் சொல்றது சரி தான்மா, கோவப்படாதீங்க. மரத்தை அடையாளம் பாக்க முறையான வழி இருக்கு, பெங்களூர்ல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்னு மத்திய அரசோடது, துண்டை அனுப்பினா குறுக்க, நெடுக்க, சுத்துவாக்குல மூணு சீவல் சீவி மைக்ரோஸ்கோப்புல வச்சு என்ன இனம்னு சொல்வாங்க. குறுக்குச் சீவல்ல பெரிய பெரிய ஓட்டை தெரிஞ்சா தேக்கு வேம்பு மாதிரி அகன்ற இலை மரம், ஓட்டையே இல்லாம தேன்கூடு கணக்கா சீரா இருந்தா பைன் சைப்ரஸ் சாதி. வீட்டுலயே பாக்கணும்னா ஒரு ஓரத்தை புது பிளேடால சுத்தமா சீவி, நகைக்கடை லென்ஸ்ல பாருங்க, இந்த வித்தியாசம் ஓரளவு தெரிஞ்சிடும். கோயம்புத்தூர் போனா காஸ் வன அருங்காட்சியகத்துல மரத்துண்டுங்களை பேரோட அடுக்கி வச்சிருக்காங்க, உங்க சிலுவையைக் கையில எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டுப் பாக்கலாம், வேம்பா மாவான்னு தெரிஞ்சிடும். கொப்பேர்னு சீட்டு ஒட்டின துண்டு மட்டும் அங்கயும் இருக்காது, உலகத்துல எந்த மியூசியத்துலயும் இருக்காது. பணம் திரும்பக் கேட்டு கடைக்கு எழுதறப்ப அதையே எழுதுங்க. சிலுவையை வச்சுக்கோங்க.